குளத்தில் போட்ட பைலட்

அந்தத் தெருவில் அவருக்கு ‘ரன்வே’ என்று பெயர். வேறு யாரும் வைத்ததல்ல, அவரே வைத்துக்கொண்டது. “எத்தனை வருஷமா ரன்வேலயே ஓடிக்கிட்டிருக்கேன், மேல கிளம்பினபாடில்ல” என்று விளக்கமும் அவரே கொடுப்பார். விமானம் ஓட்ட உரிமம் வாங்கிய மனிதர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியாராக இருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்.

“ஏன் சார், பறக்கத் தெரிஞ்சவர் போய் இங்க...” என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் இழுத்தால், “இங்க விழுந்தா அடி கம்மி, கிளட்சை விடுங்க” என்பார்.

அவருடைய அம்மாவுக்கு இந்தக் கிண்டலெல்லாம் ஆகாது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால், “பையன் லீவுல இருக்கான்” என்று சொல்லிவிடுவார். அந்த லீவு தொடங்கியபோது பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.

முயற்சி செய்யாமல் இல்லை. பயிற்சி முடித்த கையோடு ஒரு விமானக் கம்பெனிக்குப் போனார். பறந்த மணிநேரம் போதாது, அனுபவத்தோடு வா என்றார்கள். விமானத்தைக் கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்டார். வாசல் எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் காட்டினார்கள். இன்னொரு கம்பெனி எடுத்தே விட்டது. தையல்காரர் வந்து சட்டைக்கு அளவெடுத்தார். தோளில் பட்டை எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று அவர் கேட்டபோது ரன்வேக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சட்டை தைத்து வந்தது, கம்பெனி படுத்துவிட்டது. “என் இடுப்பளவைப் பார்த்துப் பயந்துதான் இழுத்து மூடிட்டாங்க” என்று அதையும் அவரே ஊரெல்லாம் பரப்பினார். வீட்டுக்குப் பெயின்ட் அடித்த அன்று அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார்.

ஆனால் உரிமம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் அவர் விடவே இல்லை. மருத்துவப் பரிசோதனை, அவ்வப்போது ஒரு சின்ன விமானத்தில் நாலு சுற்று. எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டால், “வளர்க்கிற நாய்க்கு ஊசி போடற மாதிரிதான். கடிக்காது, குரைக்காது, ஆனா போட்டாகணுமே” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி ஃபோனை நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

“மாமா, இதப் பாருங்க. டிக்கெட் சீப்பா விக்கிறாங்களே, அந்தக் கம்பெனி. புதுசா நிறைய விமானம் வாங்கறாங்களாம். பைலட் வேணுமாம்.”

“சீப்பான கம்பெனிக்கு சீப்பான பைலட். சரியான ஆளைத்தான் தேடறாங்க” என்றார் ரன்வே. “ஆனா என்னை எடுத்தா காக்பிட்ல ஈசிசேர் போடணுமே, அதுக்குச் செலவாகும்னு யோசிப்பாங்க.”

மைத்துனன் சிரித்தான். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரிக்கவில்லை.

“என்னங்க, அவங்க உங்களை வேணாம்னு சொல்லிட்டாங்களா?”

“இன்னும் கேக்கவே இல்லையே.”

“அப்புறம் ஏன் அவங்க வேலையையும் சேர்த்து நீங்களே பாக்கறீங்க?”

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனதும், ரன்வே மைத்துனனிடம் ஃபோனை வாங்கி விண்ணப்பித்தார்.

எழுத்துத் தேர்வுக்கு அவர் அறைக்குள் நுழைந்ததும், உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் சடாரென்று எழுந்து, “குட் மார்னிங் சார்” என்றார்கள். தேர்வு நடத்த வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். “உக்காருங்கப்பா, நானும் உங்க கட்சிதான்” என்று கடைசி நாற்காலியில் போய் அசடு வழிய உட்கார்ந்தார்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். அடுத்தது சிமுலேட்டர். விமானத்தின் மூக்குப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஒரு கொட்டகைக்குள் தூக்கி நிறுத்தியதுபோல இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் நிஜமாகவே பறக்கிற மாதிரி ஆட்டும், குலுக்கும். இரண்டிரண்டு பேராக அனுப்பினார்கள். இவருக்கு ஜோடி, பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்த ஒரு பெண்.

“அங்கிள், நீங்க முதல்ல பண்றீங்களா?”

“பண்றேன். அண்ணான்னு கூப்பிட்டா இன்னும் கொஞ்சம் நல்லாப் பண்ணுவேன்.”

அவருடைய முறை ஒருவழியாக முடிந்தது. பிறகு அந்தப் பெண் ஓட்ட, இவர் பக்கத்தில் உதவிக்கு உட்கார்ந்தார். விமானம் தரையை விட்டுக் கிளம்பிய நேரத்தில், பின்னால் இருந்த தேர்வாளர் இடது இன்ஜினை நிறுத்திவிட்டார். மூக்கு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. வலது பெடலை அழுத்த வேண்டும். அந்தப் பெண் ஒரு நொடி திகைத்தாள். அதற்குள் அவள் காலுக்கடியில் இருந்த பெடல் தானாகக் கீழே போயிற்று. இரண்டு இருக்கைகளின் பெடல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. விமானம் நேரானது. தேர்வாளர் எல்லாவற்றையும் நிறுத்தினார்.

“பெடலை அழுத்தினது யாரு?”

“நான்தான் சார்.”

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“இல்ல சார். டிரைவிங் ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கேன். அந்தக் கார்ல எங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்துல ஒருத்தர் தடுமாறினா என் கால் என்னைக் கேக்காமலே வேலைக்குப் போயிடும். எனக்குத்தான் வேலை கிடைக்கலை, அதுக்கு ஓய்வே இல்ல.”

அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். தேர்வாளர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

“ஜோக்கை அப்புறம் வச்சுக்கலாம். ஒரு விமானத்தை ரெண்டு பேர் சொல்லிக்காம ஓட்டினா, அதுல யாரும் உயிரோட இறங்க மாட்டாங்க. இன்னொரு தடவை பண்ணுங்க.”

தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு ரன்வே எத்தனையோ இடங்களில் தப்பித்திருக்கிறார், இங்கே அது செல்லவில்லை. இரண்டு கால்களையும் இருக்கைக்கடியில் இழுத்துக்கொண்டார். மறுபடியும் ஓட்டம், மறுபடியும் இன்ஜின் போனது, மூக்கு திரும்பியது. அவருடைய வலது கால் பெடலைத் தேடிக் கிளம்பியது, இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“இடது இன்ஜின் போச்சு” என்றார். “பதறாதீங்க. நேரா வச்சுக்கங்க. வலது கால்.”

நடு ரோட்டில் வண்டி அணைந்துபோய், பின்னால் லாரிக்காரன் ஹாரனை வைத்து அழுத்தும்போது, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறவரிடம் பேசுகிற குரல் அது. அந்தப் பெண் அழுத்தினாள். விமானம் ஒற்றை இன்ஜினோடு ஏறியது. வெளியே வந்தபோது, ஓட்டியவளைவிட ஓட்டாதவருக்குத்தான் சட்டை நனைந்திருந்தது.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது.

“எடுத்துட்டாங்களா?” என்றாள் மனைவி.

“எடுத்து, குளத்துல போட்டிருக்காங்க.”

“குளத்துலயா?”

“காத்திருக்கிறவங்க லிஸ்டுக்கு அப்படிப் பேரு. தேறினவங்களை எல்லாம் அதுல போட்டு வச்சிருப்பாங்க. விமானம் வர வர ஒவ்வொருத்தரா பிடிச்சுக்குவாங்க.”

உள்ளறையில் இருந்து அம்மா பதறிப்போய் வந்தார். “உனக்கு நீச்சல் தெரியாதேடா!”

அந்தப் பெண்ணை முதலில் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணா, என்னைக் கூப்பிட்டுட்டாங்க! உங்களுக்கு?” என்று ஃபோனில் கேட்டாள்.

“பெரிய மீனைக் கடைசியிலதாம்மா பிடிப்பாங்க. நீ நல்லாப் போயிட்டு வா” என்றார். ஃபோனை வைத்த பிறகு, பயிற்சி மைதானத்தில் காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேடிக்கையாக ஒன்றுமே தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், “கூப்பிடவே இல்லைன்னா?” என்று கேட்டார்.

“கூப்பிடலைன்னா கூப்பிடலை. நாம கேட்டாச்சுல்ல, போதும்” என்றாள் அவள்.

மழைக்காலம் போய் வெயில் உறைக்கத் தொடங்கியபோது அழைப்பு வந்தது. அந்த நேரத்தில், அவரிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கி மேலாளர் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். “எப்போ வந்து சேர முடியும்?” என்ற குரலைக் கேட்டதும் ரன்வேக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. அத்தனை வருடங்களில் முதல்முறையாக அவருடைய கால் வேலைக்குப் போகவில்லை. கார் மெதுவாகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. “ரொம்ப நல்லா முட்டினீங்க சார்!” என்று மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாதக்கணக்கில் பயிற்சி முடித்து, பயணிகளோடு பறக்க ஆரம்பித்தார். ராஜ வாழ்க்கை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். டீ வேண்டுமென்றால் பைலட்டும் காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். ஒரே நாளில் நாலு ஊர். ஓர் ஊரில் இறங்கி அடுத்த ஊருக்குக் கிளம்புவதற்குள் டிபன் டப்பாவைத் திறந்து மூடத்தான் நேரம் இருக்கும். கேப்டன் இவரைவிடப் பல வயது இளையவர். விமானத்துக்குள் இவர் அவரை ‘சார்’ என்பார், வெளியே வந்தால் அவர் இவரை ‘அண்ணா’ என்பார்.

பயணிகளை வைத்துக்கொண்டு முதன்முதலில் அவர் இறக்கிய விமானம் தரையைத் தொடவில்லை, தரையைக் குத்தியது. மேலே பைகள் வைக்கும் பெட்டிகளில் இரண்டு மூன்று திறந்துகொண்டன. கூட்டம் இறங்கும்போது ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்தபடி காக்பிட் வாசலில் நின்றார்.

“இறக்கினது யாருப்பா?”

கேப்டன் ஏதோ சொல்ல வந்தார். “நான்தாங்க” என்றார் ரன்வே.

பெரியவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். “புதுசா?”

“ஆமாங்க.”

“பரவால்ல. எல்லாம் முழுசா வந்து சேர்ந்துட்டோம்” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவர் கீழே போய்ச் சேர்வதற்குள் உள்ளே பெருக்கி முடித்துவிட்டார்கள். அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் பைகளோடு கீழே வந்து நின்றார்கள்.