மரண அறிவித்தல் வாசிக்கும் நடிகன்

ஆங்கிலத் தொலைக்காட்சியில் முப்பது வருடமாக நடிக்கிறேன் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூலைக்கடைக்காரன், டாக்சி ஓட்டுநர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கெட்ட செய்தி கேட்பவன். கடைக்காரனாக வந்தால் விளம்பர இடைவேளைக்கு முன்பே எவனாவது சுட்டுவிடுவான்.

எங்கள் சனம் இதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. அவர்களுக்கு நான் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறவன். இறந்தவரின் பிறப்பிடத்தில் தொடங்கி, கனடாவில் இருக்கும் மருமகள் வரை ஒருவரையும் விடாமல் வாசிப்பேன். டூட்டிங் கடைத்தெருவில் இடியப்பம் வாங்கப் போனால் கடைக்காரர், "அண்ணை, இண்டைக்கு ஆர்?" என்பார். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லக்கூட ஒரு வீட்டுக்குப் போன் எடுக்க முடியாது. என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

நோர்பரி வீட்டில் எங்களோடு இருக்கும் அம்மாவும் அப்படித்தான். அறிவித்தலை ஒருநாளும் தவறவிட மாட்டார். நான் நடித்த ஒன்றையும் பார்த்ததில்லை. "அது வேஷம். ரேடியோவில நீ சொல்லுறதெண்டால் உண்மை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவள் என் நடிப்பைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

போன வருடம் ஆங்கில வானொலி நாடகம் ஒன்றில் முதன்முறையாக முக்கிய வேடம் கிடைத்தது. முதியோர் இல்லத்துக்கு அனுப்பாதே என்று மகனிடம் கெஞ்சும் கிழவன். ஒலிபரப்பான அன்று, காலில் விழாத குறையாக அம்மாவைப் பக்கத்தில் இருத்தினேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் நாலைந்து சொல்தான். முதியோர் இல்லத்தைக் குறிக்கும் 'கெயார் ஹோம்' அதில் ஒன்று.

என் குரல் வந்ததும், சாவுச் செய்தி கேட்பதுபோலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். முடியும்வரை அசையவில்லை.

"கெயார் ஹோமுக்கு விட வேண்டாமெண்டு அழுறாய், என்ன?"

"ஓம் அம்மா." எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாஷை தெரியாமலே முழுவதையும் பிடித்துவிட்டாரே!

அம்மா, என் மனைவி சமைத்துக்கொண்டு நின்ற குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காகத்தானே கெஞ்சினனீ? அவள் என்னவாம்?"

"ஐயோ அம்மா, அது நடிப்பு."

"சரி, சரி" என்றார். நம்பவில்லை.

அன்றிலிருந்து அம்மா தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார். மனைவி எவ்வளவு தடுத்தும் கேட்பதில்லை.