மசெரெக்கா பனியை மிதித்த நாள்

மசெரெக்காவின் நெற்றியில் குறுக்கே ஒரு பள்ளம் இருந்தது. பத்தொன்பது வருடம் ருவென்சோரிப் பனிமலையில் வெளிநாட்டுக்காரர்களின் மூட்டைகளை நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் சுமந்ததில் விழுந்த பள்ளம். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். எனக்கும் அதே வேலைதான், அதே பள்ளம்தான்.

சுமைக்காரர்கள் பனிக்குப் போவதில்லை. கடைசிக் குடிசையில் மூட்டையை இறக்கிவிட்டு அடுப்பு மூட்டுவோம். அந்த வெளிநாட்டு விருந்தாளிகளை வழிகாட்டிகள் கயிறு கட்டி மேலே கூட்டிப் போவார்கள். அவர்கள் திரும்புகிறவரை நாங்கள் கிழங்கு உரித்துக்கொண்டிருப்போம். இதை எந்த ஆண்தான் வீட்டில் போய்ச் சொல்வான்? மசெரெக்கா தன் மனைவி பீராவிடமும் மூன்று பிள்ளைகளிடமும் பனியில் நடந்த கதைகளை அளந்து விட்டிருந்தான்.

ஒரு கல்யாண வீட்டில், வாழைப்பழச் சாராயம் உள்ளே போன பிறகு, ஒரு வழிகாட்டி அவனை வம்புக்கு இழுத்தான். பனி மேல் கால் வைத்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்றான். சத்தமே வராது, பஞ்சு மாதிரி என்றான் இவன். விடியற்காலைப் பனி கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்றான் வழிகாட்டி. கூட்டமே சிரித்தது. அவனுடைய மூத்த மகள் அங்கேதான் நின்றிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து மசெரெக்கா என் காப்பித் தோட்டத்துக்கு வந்தான். "தெம்போ, ஒரே ஒரு தடவை மேல போயிட்டு வந்துரணும்டா. இத்தனை வருசமா ஒரு வீட்டு வாசல்லயே நின்னு நின்னு திரும்பின மாதிரி இருக்கு" என்றான்.

நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கும் ஆசை இருந்தது, தடுக்கவில்லை. எங்களோடு சுமையும் தூக்கும் சமையல்கார இம்புசா, நீங்கள் ரெண்டு பேரும் பட்டினி கிடந்து சாவீர்கள் என்று சொல்லிக் கூடவே கிளம்பினான். நவம்பர் மழையில் விருந்தாளிகள் வரமாட்டார்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்று போனோம். ரப்பர் பூட்ஸின் அடியில் நார்க்கயிறு சுற்றிக்கொண்டோம். எங்கள் நெற்றிப் பட்டைகள் மூன்றையும் முடிந்து இடுப்புகளில் கட்டினோம். அதுதான் எங்கள் கயிறு. மூன்று முட்டாள்கள்.

நான்காம் நாள் விடியலில் பனியில் கால் வைத்தோம். நிஜமாகவே நொறுங்கியது. மசெரெக்கா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, வாய் மரத்துப் போய், என்னைப் பார்த்துச் சிரித்தான். அதோடு திரும்பியிருக்கலாம்.

சுமைக்காரன் யாருக்காகவும் நிற்கமாட்டான். முதுகில் பாரத்தோடு நிற்பது நடப்பதைவிடக் கொடுமை. அவனவன் வேகத்தில் போவான், அடுப்படியில் சேர்ந்துகொள்வோம். அந்தப் பழக்கம் காலில் ஊறிப்போனது. இம்புசா முழங்கால் பிசகி மெதுவாக வந்தான், கயிறு இழுத்து இழுத்து நின்றது. மசெரெக்கா எரிச்சலில் முடிச்சை அவிழ்த்துவிட்டு முன்னால் போனான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது மூடுபனி இறங்கியது.

கூப்பிட்டோம், பதில் இல்லை. கண்ணில் படாத சுமைக்காரன் எங்கே இருப்பான்? நமக்கு முன்னால் அடுப்படியில் இருப்பான். வேறு வழியாகச் சுற்றிக் குடிசைக்கு இறங்கியிருப்பான் என்று நாங்கள் இருவரும் துளியும் சந்தேகப்படாமல் கீழே போனோம். குடிசையில் அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. சாம்பலில் கை வைத்துப் பார்த்தேன்.

திரும்ப ஏறினோம். இம்புசா நொண்டிக்கொண்டே வந்தான். மூடுபனி விலகியபோது மசெரெக்காவின் தடத்தைப் பிடித்துப் போனோம். ஒரு பனிப் பிளவின் விளிம்பில் தடம் முடிந்தது. உள்ளே ஐந்தாள் ஆழத்தில் மசெரெக்கா செருகிக் கிடந்தான். உயிர் இருந்தது. தோள்பட்டை உடைந்திருந்தது.

பட்டைகள் பாதி தூரம்கூட எட்டவில்லை. சட்டைகளைக் கழற்றி முடிந்தோம், போர்வையைக் கிழித்து முடிந்தோம். எட்டியது. அவனால் ஒற்றைக் கையால் கட்டிக்கொள்ள முடியவில்லை, பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. இழுத்தோம். ஓர் ஆள் உயரம் வந்தான், விரல்கள் நழுவின. மூன்று முறை இழுத்தோம். அதற்குப் பிறகு கையைத் தூக்கவே அவனால் ஆகவில்லை.

ஏறி வந்த வழியில், குடிசைக்கும் கீழே உள்ள முகாமில் இரண்டு வழிகாட்டிகள் கூரை வேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்திருந்தோம், அவர்களிடம் நிஜமான கயிறு இருந்தது. மசெரெக்கா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். "தெம்போ, நீ ஓடு. உன் காலுக்கு ரெண்டு மணி நேரம். இம்புசா இங்க இருக்கட்டும்" என்றான் உள்ளேயிருந்து.

காலையில்தான் அவனை விட்டுவிட்டுக் கீழே போயிருந்தேன். இன்னொரு முறை அவனுக்கு முதுகைக் காட்ட என்னால் முடியவில்லை. "உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்டா" என்றேன். அவன் மறுபடியும் சொன்னான், திட்டினான். நான் கேட்கவில்லை. நொண்டியை அனுப்பினேன்.

பேசிக்கொண்டே இருந்தேன். அவனும் பேசினான், பிறகு முனகினான், இம்புசா வந்தாச்சா என்று மட்டும் கேட்டான். வந்துகொண்டிருக்கிறான் என்றேன். அந்தி சாயும்போது கேட்பதை நிறுத்தினான். இம்புசா கீழ் முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததே அந்த நேரத்தில்தான். வழிகாட்டிகள் மறுநாள் விடிந்து வந்து அவனைத் தூக்கினார்கள்.

பனிச் சாமி கித்தசம்பா கோபித்துக்கொண்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். செய்தது நாங்கள், அவர் தலையில் ஏன் போட வேண்டும்? கடைசிவரை அவனை விட்டு நகராத நண்பன் என்று அடக்கத்தன்று பாதிரியார் என்னைப் புகழ்ந்தார். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பீரா அழுது முடித்த பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் நான் எவ்வளவு வேகம் என்று அவளுக்குத் தெரியும்.

"அவரு உன்னைத்தானே போகச் சொன்னாரு?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நீ போயிருந்தா எப்ப வந்திருப்பாங்க?"

பொய் சொல்ல எவ்வளவோ இடம் இருந்தது. இருட்டுவதற்குள் வந்திருப்பார்கள் என்றேன்.