உலோகமில்லாத மஞ்சள் பொடி

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே உலையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். யூரியாவை மூடிபோட்ட பீங்கான் கிண்ணத்தில் நான்கு மணி நேரம் சுட்டால் மஞ்சள் பொடி வரும். அதைத் தண்ணீரில் கலக்கி வெயில் காட்டினால் ஹைட்ரஜன் குமிழியிடும், ஆனால் கொஞ்சமாக. பிளாட்டினம் போன்ற உலோகம் எதுவும் சேர்க்காமல் அந்த வாயுவைப் பெருக்குவதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை.

ஒருநாள் வாயு ஆறு மடங்கு வந்தது. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுக்குத்தான் உறுத்தியது.

"சார், அந்தக் குடுவையில போன மாசம் வரைக்கும் பிளாட்டினம் போட்டுத்தான் சோதனை ஓடுச்சு. மிச்சம் ஒட்டியிருக்கலாம். புதுக் குடுவையில ஒரு தடவை பாத்துடலாம்."

"நீ சுடுறதை மட்டும் பாரும்மா. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அன்று வீட்டில் அவள் கழுவிய தட்டுகள் அலறின. "பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் கணவர்.

கட்டுரை வெளியானது. மூன்று மாதத்தில் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: எங்களுக்கு அந்த அளவு வாயு வரவில்லை. பேராசிரியர் எல்லோரையும் நிற்கவைத்து, "குடுவையை ஒழுங்காக் கழுவலை. யாரு பொறுப்பு?" என்று அவளையே பார்த்தார்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. புதுக் குடுவையைப் பிரித்து, அவர் கண்ணெதிரிலேயே பொடியைத் தண்ணீரில் கலக்கி, வெயிலுக்குப் பதிலாக விளக்கைப் போட்டாள். பழையபடி கொஞ்சமாகத்தான் வாயு வந்தது.

"கண்ணாடியிலயே ஒட்டிக்கிற உலோகம் சார் அது. ராஜதிராவகம் ஊத்தினாத்தான் போகும். அதைக் கலக்க ரெண்டு ஆசிட் வாங்கித் தாங்கன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். கழுவலைன்னு என்னைச் சொல்றீங்க?"

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

வீம்புக்கென்றே அவள் அந்தப் பொடியை மூடியில்லாமல் இன்னொரு முறை சுட்டாள். பாதி எரிந்துபோய், மிச்சம் பஞ்சுபோல் மெல்லிய ஏடுகளாக நின்றது. புதுக் குடுவையில் வாயு நிஜமாகவே இரண்டு மடங்கு வந்தது.

"உன் பேரையும் போட்டுடலாம்மா," என்று பேராசிரியர் சிரித்தார்.

"எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கங்க சார். பேரு அப்புறம்."

மறுநாள் எல்லோர் முன்னாலும் அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துத் திருப்பி எடுத்துக்கொண்டார். புதுக் கட்டுரையில் அவள் பெயர் ஆறாவதாக, கடைசியில் வந்தது. முன்னால் இருந்த ஐந்து பேரில் இருவர் உலை அறைக்குள் கால்கூட வைத்ததில்லை.