பிடுங்காத பல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகள் இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போகிற விஷயத்தில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டு ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன். என் மாமனார் வீட்டிலிருந்து வந்தது. ஆனால் அதைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாமனார் அல்ல, ஒரு பல் டாக்டரம்மா.

எழுபதுகளின் நடுவில் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. தீபாவளி நேரத்தில் கோட்டுச்சேரிப் பெண்கள் கூட்டமாக வந்து, "என்னங்க, அளவுல கைய இழுக்கிறீங்க?" என்று சிரித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு துணியைக் கிழிப்பேன். சாயங்காலம் கடை சாத்தும்போது காதுக்கு முன்னால் தாடை கல்லாகி வலிக்கும். சொத்தைப் பல் என்று நினைத்து வெளியூரில் ஒருவரிடம் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டேன். பல் போனது, வலி போகவில்லை.

அந்த நிலையில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் வீட்டில் விருந்து. ஒரே சஹனில் பெண்ணின் வாப்பா, நான், என் அக்காவைக் கட்டிய மச்சான், இன்னும் இரண்டு பெரியவர்கள். எல்லோரும் முடிக்கும்வரை யாரும் கையை எடுக்கக்கூடாது, ஒருவர் எடுத்தால் மற்றவர்களும் நிறுத்திவிடுவார்கள் என்பது எங்கள் பழக்கம். ஆட்டுக்கறியை நாலு மெல்லு மென்றதும் தாடை நின்றுவிட்டது. என்னை அறியாமல் கையை எடுத்துவிட்டேன். அடுத்த நொடி பெண்ணின் வாப்பாவும் எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது மச்சான் குமுறினார். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? வீடு புடிக்கலன்னு நீ கைய எடுத்துட்டேன்னு நெனச்சுட்டாங்க. சம்பந்தமே வேணாம்னு சொல்லியனுப்பப் போறாங்க, பாரு."

அடுத்த பல்லையும் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று காரைக்கால் அரசு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் பல்லைத் தட்டிப் பார்த்தார். "இத ஏங்க புடுங்கணும்? நீங்க போனப்புறமும் இது இருக்கும்" என்றார். கன்னத்தில் விரலை வைத்துக் கடிக்கச் சொன்னார். தசை முண்டி எழுந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு என் கையைத் தொட்டவர் சிரித்தார். "ஐஸ் மாதிரி இருக்கே. என்னப் பாத்தா பயமா?"

"ஆமாங்க" என்றேன். விருந்தில் நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

அவர் சொன்ன விளக்கம் இன்றும் எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். "வாய்க்கால்ல மதகு வெச்சுத் தண்ணியக் கூட்டிக் கொறைக்கிறாங்கல்ல? அந்த மாதிரி ரத்தக் குழாயச் சுருக்குறதுக்கு ஒரு நரம்பு இருக்குங்க. பரிவு நரம்புன்னு பேரு. அது உங்களக் கேட்டுச் செய்யாது. பயந்தா நெஞ்சு படபடங்குது, கை சில்லுங்குது, எல்லாம் அதோட வேலதான். தாடைத் தசைக்குப் போற ரத்தத்தையும் அது கொறைக்கும். அந்த நேரம் பாத்து நீங்க பல்லக் கடிச்சு அந்தத் தசையப் போட்டு வேல வாங்குறீங்க. தண்ணி இல்லாத வயலு என்ன செய்யும்?"

மருந்து எழுதவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். "உதடு சேரட்டும், பல்லு சேர வேணாம். சாப்பிடுறப்ப சேந்தாப் போதும். மதகத் தொறக்க என்னால ஆகாது. பயத்த எறக்கி வைங்க, அதுவே தொறக்கும். மொதல்ல அந்த வீட்டுல போயி உள்ளதச் சொல்லுங்க."

"எப்படிங்க சொல்றது?"

"இப்ப எங்கிட்ட எப்படிச் சொன்னீங்க?"

அங்கிருந்து நேராகப் பெண் வீட்டுக்கு நடந்தேன். மச்சானைக் கூட்டிக்கொள்ளவில்லை. வழியெல்லாம் பல்லோடு பல் படாமல் பார்த்துக்கொண்டேன். பெண்ணின் வாப்பா உட்காரச் சொன்னார். குரலில் ஈரம் இல்லை. "புடிக்கலன்னா சொல்லிடுங்க தம்பி. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

"தாடை வலி மாமா. மெல்ல முடியல. வெக்கத்துல சொல்லல. சோறு ரொம்ப ருசியா இருந்துச்சு" என்றேன். அதுவரை என் வாழ்நாளில் ஒரு பெரியவரிடம் நான் சேர்ந்தாற்போல் பேசிய அதிகபட்சப் பேச்சு அதுதான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அப்ப அடுத்த தடவ கொத்துக்கறியா ஆக்கச் சொல்லுங்க வாப்பா."

அவர் தொடையில் தட்டிச் சிரித்த சிரிப்பில் என் கல்யாணம் முடிவானது.

நிக்காஹ் அன்று ஆலிம்சா சம்மதம் கேட்டபோது, "ஏற்றுக்கொண்டேன்" என்று பள்ளிவாசலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். டாக்டரம்மாவும் கல்யாண வீட்டுக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என்னை வீட்டுக்குள் அழைத்துப் போனபோது, தூரத்திலிருந்தே தன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். நான் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினேன். சில வருடங்களில் புதுச்சேரிக்கு மாற்றலாகிப் போய்விட்டார், பிறகு பார்க்கவில்லை.

வலி இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். கடையில் கூட்டம் நெருக்கினால் பல்லைப் பிரித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று சொல்லப் பழகிவிட்டேன். அவர் பிடுங்க மறுத்த பல் அப்படியே உறுதியாக இருக்கிறது. இன்று மதியம் அந்தச் சஹனை இறக்கி வைத்து நானும் மனைவியும் பிள்ளைகளும் சாப்பிட்டோம். என் பக்கத்துக்கு மனைவி வழக்கம்போலக் கொத்துக்கறியைத் தள்ளினாள். நான் எலும்போடு ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். எல்லோரும் முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

1989 ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்.