வின்னிபெக்கின் குளிர்

அந்தக் குளிர்காலத்தில், டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஹேர்னிங்கின் வானிலையை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அதில் பார்க்க ஒன்றும் இருக்கவுமில்லை. மழை பெய்தது, மழை விட்ட நேரங்களில் வானம் மழையின் நிறத்திலேயே கிடந்தது. அம்மாவின் கைபேசியில் கல்கரி, ரெஜைனா, வின்னிபெக், ரொறன்ரோ என்று கனடாவின் நகரங்கள் வரிசையாக நின்றன.

வேலை செய்த துணி ஆலை மூடப்பட்டதும் அப்பா கனடாவுக்கு லொறி ஓட்டப் போயிருந்தார். கொஞ்சக் காலம் ஓட்டிவிட்டு எங்களையும் கூப்பிடுவதாக ஏற்பாடு. வாடகை மிச்சம் என்று லொறியிலேயே படுப்பதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போது அடுத்த பயணம் எந்த ஊருக்கு என்று சொல்வார். முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்புமுன் அம்மா முதலில் பார்ப்பது அந்த ஊரின் குளிரைத்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒருநாள் காலை அம்மா எனக்கு இரண்டு சோடி காலுறையும், கழுத்துவரை மூடும் பனியுடுப்பும், அதற்குமேல் கம்பளித் தொப்பியும் போட்டு அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மழைக்கோட்டோடு நின்றார்கள். எனக்குச் சுகமில்லையா என்று ஆசிரியை கேட்டார். மாலையில் நான் டேனிஷில் முறையிட, அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “வின்னிபெக்கைப் பாத்திட்டன் பிள்ளை,” என்றார். இருவரும் சிரித்தோம்.

பிறகு அந்தப் புயல் வந்தது. வின்னிபெக்கிற்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போவதாக அப்பா சொன்ன அதே கிழமை, மேற்கு மலைகளிலிருந்து அது சமவெளிக்கு இறங்கியது. எங்கள் தொலைக்காட்சி, பனியில் சரிந்து கிடந்த லொறிகளைச் சில விநாடிகள் காட்டிவிட்டுக் கைப்பந்துக்குப் போய்விட்டது. அம்மா கனடாவின் வரைபடத்தைத் தேடி எடுத்தார். அதில் ஒரு வெள்ளைத் திட்டு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. டென்மார்க்கில் காலையில் மேற்குக் கடலிலிருந்து வரும் புயல் மாலையில் சுவீடனுக்குப் போய்விடும். கனடாவைக் கடக்க இந்தப் புயலுக்கு நாட்கணக்கில் தேவைப்பட்டது.

அப்பாவின் ஃபோன் அடித்தது, எடுக்க ஆளில்லை. அம்மா சமைப்பதை விட்டுவிட்டார். கறுப்புப் பாணில் பட்டர் பூசித் தின்றோம். நான் கேட்காமலே, புயல் ரெஜைனாவைத் தாண்டிவிட்டது என்று சொல்வார். ஊரில் இருந்த தமிழ்ச் சனத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். சொன்னால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களாம். அதனால் யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்நேரம் அம்மா கட்டடத்தின் நிலவறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனார். அங்கே சிக்னல் கிடைக்காது என்பதால் கைபேசியை என் கையில் தந்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் அப்பாவே அழைப்பெடுத்தார்.

“என்ன குஞ்சு, சாப்பிட்டனியே?”

லொறி பனியில் புதைந்துவிட்டதா என்று கேட்டேன்.

“என்ன பனி? இங்கை நல்ல வெயில்,” என்றார். காய்ச்சல் என்பதால் அந்தப் பயணத்தை வேறொருவர் ஓட்டினாராம். தான் முழுக்கிழமையும் வீட்டிலேயே நின்றாராம். அவருக்குப் பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றதும், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் படிகளில் இறங்கி ஓடினேன். அம்மா இயந்திரத்திலிருந்து ஈர உடுப்புகளைக் கூடைக்குள் எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக டேனிஷில் பேசும் நான் அன்று தமிழிலேயே சொன்னேன்: “அப்பா புயலிலை இல்லையாம். வீட்டிலை நிக்கிறாராம்.”

அம்மாவின் கை நின்றது. கண்ணை மூடி மூச்சு விட்டார். பிறகு கேட்டார்:

“எந்த வீட்டிலையாம்?”

அதை நான் கேட்கவில்லை என்றேன். எனக்கு அது தேவையில்லாத கேள்வியாகப் பட்டது. இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்த என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று காத்து நின்றேன். அம்மா கூடையிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக மறுபடியும் இயந்திரத்துக்குள் போட்டு, தூள் கொட்டி, கதவைச் சாத்தினார்.

அவை தோய்த்த உடுப்புகள் என்று நான் எடுத்துச் சொன்னேன்.