தண்ணீர் ஒழுகாத கையுறை

(திருமழிசை யூனிட், கேன்டீன் பலகையில் ஒட்டியது. திங்கள், மதியம்.)

பெயின்ட் பிரிவில் தின்னரில் பாகங்களைக் கழுவுகிறவன் நான்.

இன்று காலை ஸ்டோருக்குப் போய், தின்னருக்கு ஏற்ற கையுறை வேண்டும் என்று கேட்டேன். ஸ்டோர்கீப்பர் தயாளன் ரேடியோவைக் குறைத்துவிட்டு என் பழைய ரப்பர் உறையை வாங்கினார். அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு சொட்டு ஒழுவுதா பாரு. இன்னும் மூணு மாசம் வரும்."

"அண்ணாத்தே, நான் தண்ணியிலயா கை வுடறேன்?"

"தின்னரும் தண்ணி மாரிதானே கீது?"

ஓட்டையே இல்லாவிட்டாலும் தின்னர் ரப்பரில் ஊறி உள்ளே வந்துவிடும். ரசம் சோறு பிசைந்தால் விரல் வெடிப்பெல்லாம் எரிகிறது. ஒரு மாதமாக ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன். இதை எத்தனை முறைதான் சொல்வது?

தண்ணீரைக் கொட்டிவிட்டு, அங்கிருந்த கேனிலிருந்து அதே உறையில் தின்னரை ஊற்றி அவரிடம் கொடுத்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அதை உள்ளங்கையில் ஏந்தியபடியே எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உறையை மறு கைக்கு மாற்றினார்.

"இன்னாப்பா இது, கை சில்லுனு கீது?"

போய் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தார். எனக்குப் புது உறை கொடுத்தார். அதே ரப்பர், இரண்டு ஜோடி.

"ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கோ."

மற்ற பிரிவுகளில் என்ன கொடுக்கிறார்கள்? கீழே எழுதுங்கள், பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். பேனா பிடிக்க முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

இதுவும் என் கையெழுத்து இல்லை.