மெஷின் போட்ட பாட்டு அல்ல

அக்கா மறைந்து ஓராண்டு. திதிக்கு வந்திருக்கும் உறவுகளே, கல்லூரித் தோழமைகளே, இதைக் கண்ணீரோடு எழுதியிருக்க வேண்டும். கோபத்தோடுதான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கண்டாச்சிபுரத்தில். அப்பாவின் மில்லில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கும் மெஷினும் கேப்பை அரைக்கும் மெஷினும் அடுத்தடுத்து ஓடும். ஊருக்கு அது இரைச்சல். அக்காவின் காதுக்கோ ஒன்று ஏழு எண்ணுவதற்குள் ஒருமுறை இடிக்கும், மற்றது பதினொன்று எண்ணுவதற்குள் ஒருமுறை. எழுபத்தேழில் இரண்டும் சேர்ந்து விழும். அந்த இடத்துக்காகச் சோற்றுத் தட்டோடு காத்து நிற்பார்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் கணித விரிவுரையாளராகச் சேர்ந்தார். வகுப்பு முடிந்து விழுப்புரம் பஸ் வருவதற்குள் கிராப் தாளில் கட்டம் கட்டமாகத் தாளம் எழுதுவார். கம்ப்யூட்டர் வந்தது பத்து வருடம் கழித்து. அதற்கு விதிகளை எழுதிக் கொடுத்து, அது கக்கியதையெல்லாம் காதால் சலித்தார். "இது ஆயிரம் வழி காட்டுதுடி. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது குப்பை. அதை அள்ளிக் கொட்டறதுதான் என் வேலை" என்பார். மிஞ்சிய ஒன்றை மாணவிகள் வயலினிலும் மிருதங்கத்திலும் வாசிப்பார்கள்.

பதவி உயர்வுக்கு அந்த இசையையும் ஆய்வாகச் சேர்த்து அனுப்பினார். குழுவில் ஒருவர் கேட்டாராம்: "இது நீங்க போட்டதா மேடம், மெஷின் போட்டதா?"

"மாவரைக்கிறது கிரைண்டர்தான் சார். இட்லி நல்லாருந்தா கிரைண்டரையா பாராட்டுவீங்க?"

சிரித்தார்கள். சிரித்துவிட்டு, 'பொழுதுபோக்கு' என்று எழுதிவைத்தார்கள். தாயம் ஆடுவது பொழுதுபோக்கு. பஸ்ஸில் தூங்கி வழிவது பொழுதுபோக்கு. ஒரு மௌனம் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று வருடக்கணக்காகத் திருத்திக்கொண்டிருப்பதற்கு அதுவா பெயர்?

கடைசி வாரம் விழுப்புரம் மருத்துவமனையில். ஊசி ஏறிய கையின் விரல்கள் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தன. நடுக்கம் என்று நினைத்து நானே அழுத்திப் பிடித்தேன்.

"விடுடி. எண்ணிக்கினு இருக்கேன்."

புதிய இசையில் ஒரு தட்டு மிகுதியாக இருந்ததாம். மறுநாள், "எடுத்துட்டேன்" என்றார். அதற்கடுத்த நாள் போய்விட்டார். எந்த மெஷின் அப்போது பக்கத்தில் இருந்தது?

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த நினைவு மலரின் அட்டையில், அக்கா படத்தின் கீழ், 'இசையமைப்பாளர்' என்று போடக் கொடுத்தேன். மில்லை இப்போது நடத்தும் பெரியண்ணன் ஒப்பவில்லை.

"பேராசிரியைன்னு போடு, அதுல என்ன கொறச்சல்? மில்லு சத்தத்துல என் காது போனதுதான் மிச்சம். அதைப் போயி பாட்டுன்னா ஊரு சிரிக்கும்மா."

"உனக்குக் காது போச்சு, அக்காவுக்குக் காது வந்துச்சு. அவ்ளோதாண்ணா."

என்னிடம் அதற்குமேல் பேசவில்லை. அச்சகத்துக்குப் பேசியிருக்கிறார்.

அக்காவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஒத்திகைக்கு வகுப்பறையைத் திறந்துவிட்ட கல்லூரி உதவியாளருக்கும், வாசித்த மாணவிகளுக்கும் எங்கள் நன்றி. அண்ணன் மாற்றச் சொன்ன பிறகும், "எழுதிக் குடுத்தவங்க சொல்லட்டுங்க" என்று அந்தச் சொல்லைத் தொடாமல் அட்டையை முதலில் அச்சிட்டு முடித்தவருக்கு என் தனி நன்றி.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் நமக்கில்லை. இன்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் பெரியண்ணன் நிற்பார். அட்டையில் இருக்கும் அந்த ஒரு சொல்லை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். காது மந்தம். கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.

- தங்கை